அஞ்சியபடியே கீழ்ப்படிவோம்

வலிகாமம் வடக்கில், 2015ஆம் ஆண்டுக்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட குறிச்சிகளில் ஒன்று அது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் உடுத்த உடையோடு வெளியேறிய மக்கள், கால் நூற்றாண்டு காலத்தை முகாம்களிலும் உறவினரின் வளவுகளிலும் கழித்துவிட்டுத் தங்கள் காணிகளைத் தேடி வந்தார்கள். வந்து பார்த்தால் கதியால் வேலி இல்லை, வரம்பு இல்லை, வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. பற்றை வெட்டித்தான் காணிக்குள் கால் வைக்க முடிந்தது.

அங்கே ஒரு முதியவர். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். வெங்காயமும் மிளகாயும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய தோட்டத்தில் பழைய கிணறு ஒன்று தூர்ந்து கிடந்தது. கிழக்குப் பக்கத்துக் காணி ஒரு சைவக் குடும்பத்தினருடையது. அந்த வீட்டுக்காரர் முகாமிலேயே இறந்துவிட்டார். மனைவியும், முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுமே திரும்பி வந்தார்கள். அவர்களுடைய காணி உறுதி இடம்பெயர்வில் தொலைந்துபோயிற்று. கிணற்றைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தங்களுக்கென்று தனியாக ஒரு கிணறு வெட்டக் கடன் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துத் திரிந்தார்கள்.

ஒருநாள் இரவு அந்த முதியவர் எங்களிடம் வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய உறுதி. அதை விரித்துக் காட்டினார். கிணற்றில் அரைப் பங்கும், வாய்க்கால் உரிமையும், இறைப்பு முறையும் கிழக்குக் காணிக்கு உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

"சுவாமி, நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. பேசாமல் இருக்கிறன். பேசாமல் இருக்கிறதும் பாவமோ?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. பதில் அவருக்கே தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால் அந்த இரவில் உறுதியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது துணிவு. அதை எங்கே பெறுவது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

தண்ணீர் என்றால் சும்மாவா?

அவருடைய பயத்தை நாம் இலேசாக எண்ணக்கூடாது. நமது குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரி காலத்து ஆறுதான். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறி வரும் உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. அந்த மெல்லிய படைதான் நமது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலே ஏறும். ஆகையால் ஒரு கிணற்றில் அரைப் பங்கு என்பது அரைத் தோட்டம். ஒரு குடும்பத்தின் அரை வயிறு.

முதியவருக்கு ஆண் பிள்ளைகள் இருவர். அவர்கள் கடன்பட்டுப் பம்பு வாங்கியிருந்தார்கள். தகப்பன் வாய் திறந்தால் வீட்டில் சண்டை வரும் என்பது நிச்சயம். 25 வருடம் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவரிடம், கிடைத்ததிலும் பாதியைக் கொடு என்று கேட்பது நியாயமா? அவரும் அப்படித்தான் கேட்டார். நாமும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்போம்.

சிறைக்குள் காணி வாங்கியவர்

அன்றிரவு நாம் அவரோடு இருந்து விவிலியத்தில் எரேமியா ஆகமத்தின் 32ஆம் அதிகாரத்தை வாசித்தோம். காணி உறுதியைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் பகுதி விவிலியத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. இறைவாக்கினர் எரேமியா அரசனின் காவற்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய உறவினன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலிருந்த தன் காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். அந்த ஊர் அப்போது பகைவரின் கையில். இன்றைய பேச்சில் சொன்னால், முள்ளுக்கம்பிக்கு அப்பால் இருக்கும் காணியை விலை பேசி வந்தான். இது ஆண்டவரின் விருப்பம் என்று உணர்ந்த எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்து உறுதி முடித்தார். அந்த உறுதியை மண் பாண்டத்தில் இட்டு நெடுநாள் பாதுகாக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைத்தார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. காசைக் கொடுத்து, உறுதியை முடித்து, எல்லாம் செய்த பிறகுதான் எரேமியா செபத்தில் தன் கலக்கத்தைக் கொட்டுகிறார். நகரமே பகைவர் கைக்குப் போகிறதே, இந்த நேரத்தில் காணி வாங்கு என்கிறீரே என்று ஆண்டவரிடம் கேட்கிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு அவர் கீழ்ப்படியவில்லை. கீழ்ப்படிந்த பிறகு சந்தேகத்தைச் சொன்னார். ஆண்டவர் அதற்காக அவரைக் கைவிடவில்லை, பதில் கொடுத்தார்.

நம்மில் பலர் மாறி நினைக்கிறோம். முதலில் பயம் போக வேண்டும், பிறகு துணிவு வர வேண்டும், அதற்குப் பிறகு இறைவனின் சொல்லைச் செய்யலாம் என்று காத்திருக்கிறோம். அப்படிக் காத்திருந்தே சிலருக்கு வாழ்நாள் முடிந்துவிடுகிறது. ஒலிவ மலைத் தோட்டத்தில் நம் ஆண்டவர் இயேசுவே அஞ்சினார். அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என்று மன்றாடினார். தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார். அஞ்சுவது பாவமானால் அந்த இரவை நற்செய்தி நமக்குச் சொல்லியிருக்காது.

வழியோரத்தில் கிடந்த குரு

நமது மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது உயிருக்கே ஆபத்தான குற்றமாயிற்று. ஏறக்குறைய 30 வருடம் நம் முன்னோர் பூசையின்றி இருந்தார்கள்.

1687இல் கோவாவிலிருந்து ஒரு குரு வந்து சேர்ந்தார். பெயர் யோசேவ் வாஸ். வயது 36. தூத்துக்குடி வழியாகக் கூலியாளின் கோலத்தில் கப்பலேறினார். யோவான் என்ற இளைஞர் மட்டுமே துணை. கடற்பயணத்தில் அலைக்கழிந்து, பட்டினியால் நலிந்து, யாழ்ப்பாணத்தை அடைந்ததும் வயிற்றுளைவு நோயில் விழுந்தார். தொற்றிவிடும் என்று அஞ்சி ஊரார் அவரை ஒதுக்கினார்கள். ஒரு நாட்டுக்கே மறைபரப்ப வந்தவர், ஒதுக்குப்புறத்தில் எழும்ப முடியாமல் கிடந்தார். அவருடைய துணிவு அப்போது எங்கே இருந்தது? அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த ஓர் ஏழைப் பெண்ணின் கையில் இருந்தது என்றே நாம் சொல்வோம். அந்தப் பெண் பேருரை ஆற்றவில்லை, அரசை எதிர்க்கவில்லை. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தார். அவ்வளவுதான். அந்தக் கஞ்சி இல்லையென்றால் பின்னால் நடந்தது ஒன்றும் நடந்திராது.

நோயிலிருந்து எழுந்த அடிகளார் கழுத்தில் செபமாலை தொங்க வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையை யார் பக்தியோடு பார்க்கிறார்கள் என்று கவனித்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் பிச்சைக்காரர், இரவில் குரு. அவரை ஒளித்து வைத்த சில்லாலை மக்களும் நம்மைப் போன்ற கமக்காரரும் கூலித் தொழிலாளருமே. 1689ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்த அதிகாரிகள் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அடியும் சிறையும் பட்டவர்கள் பலர். அடிகளார் தப்பினார். பிறகு புத்தளம் போய், 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். ஆயினும் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் பின்னர் அவருக்கு ஆதரவளித்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மதம் பாராமல் பராமரித்தார். ஒருகாலம் தாம் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததை அவர் மறந்திருக்கமாட்டார். 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள் கண்டியில் மரித்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

புனிதரைப் பீடத்தில் பார்க்கும்போது அவர் பிறப்பிலேயே அஞ்சாதவர் என்று நினைத்துவிடுகிறோம். அவர் ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கு வேண்டிய அளவையே பெற்றார். அதுவும் பெரும்பாலும் பிறருடைய கையால் பெற்றார்.

அல்லைப்பிட்டியில்

இது பழைய காலத்துக் கதை மட்டுமல்ல. யாழ் நகருக்கு மேற்கே தாம்போதிக்கு அப்பால் அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயம் இருக்கிறது. யோசேவ் வாஸ் அடிகளார் சேர்ந்த சபைக்கு மூலவர் அந்தப் பிலிப்பு நேரியாரே. 2006ஆம் ஆண்டு ஆவணி 13ஆம் நாள், எறிகணை வீச்சுக்கு அஞ்சி மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த அந்த ஆலயமும் தாக்கப்பட்டது. பலர் மாண்டார்கள். பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சிய மக்களை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்றார். ஆவணி 20ஆம் நாள் அவரும் உதவியாளர் ஒருவரும் மீண்டும் அல்லைப்பிட்டிப் பக்கம் போனார்கள். இருவரும் திரும்பி வரவில்லை.

அவர் அஞ்சாதவர் என்று நாம் சொல்லமாட்டோம். பயப்படாதிருக்க அந்த நாட்களில் எவருக்கும் முடிந்ததில்லை. ஆயினும் மக்களை விட்டுத் தனியே ஓடவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதுவது, கீழ்ப்படிதலுக்குச் சில வேளை கொடுக்கும் விலை என்னவென்பதை மறைக்கக்கூடாது என்பதற்காக. கீழ்ப்படிந்தால் எல்லாம் நலமாக முடியும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. கைவிடப்படமாட்டோம் என்பதே நமக்குத் தரப்பட்ட வாக்கு.

எது கீழ்ப்படிதல்?

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். "இதெல்லாம் கடவுளின் சித்தம், பொறுத்துக்கொள்" என்று இடம்பெயர்ந்தவர்களிடம் சொல்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. காணியை இழப்பதையெல்லாம் கடவுளின் சித்தம் என்று பொறுத்துக்கொள்ளும்படி விவிலியம் சொல்லவில்லை. தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கு விற்க மறுத்த நாபோத்தின் பக்கமே ஆண்டவர் நின்றார். ஆகவே இன்னும் விடுவிக்கப்படாத காணிகளுக்காக மனுவில் ஒப்பமிடுவதும், பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடப்பதும், வெயிலில் அமைதியாகக் குந்தியிருந்து கேட்பதும் கீழ்ப்படிதலே. முள்ளுக்கம்பிக்கு அப்பாலிருந்த காணிக்கு உறுதி முடித்த எரேமியா செய்ததும் அதுவே.

ஆனால் அதே வேதம் அயலானின் எல்லைக்கல்லைத் தள்ளி வைக்காதே என்றும் கட்டளையிடுகிறது. நம் காணியைக் கேட்கும் துணிவையும், அயலவரின் பங்கைக் கொடுக்கும் துணிவையும் பிரிக்க முடியாது. பெரியவர்களிடம் நியாயம் கேட்டுவிட்டு விதவையிடம் நியாயத்தை மறைத்தால், நாம் கேட்டது நியாயமன்று, ஆதாயம் மட்டுமே.

இதைச் சொல்லும் நாமும் கறையற்றவர்கள் அல்லர். முன்னொரு காலம் கிணறு துப்புரவாக்கும் உதவிக்கு நாம் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது, செல்வாக்குள்ள ஒருவரின் வற்புறுத்தலுக்கு அஞ்சித் தகுதியில்லாத பெயர் ஒன்றைச் சேர்த்தோம். அதனால் கடைசியில் நின்ற ஒரு குடும்பம் அடுத்த போகம் வரை காத்திருக்க நேர்ந்தது. எவரும் நம்மைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அந்த வீட்டுப் படலையைக் கடக்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்தது. மறு வருடம் அவர்களிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவாவது சொன்னியளே" என்றார். அதற்குப் பின் பட்டியலைப் பங்கு மக்கள் முன்னிலையில் வாசித்துத்தான் முடிவு செய்கிறோம். தனியே இருந்தால் நாம் அஞ்சுவோம் என்று கற்றுக்கொண்டோம்.

துணிவைத் தேடும் வழி

நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். செபத்தில் கடவுளிடமும், நம்பிக்கையான ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். சொல்லாத பயம் இரவில் வளரும்.

இரண்டாவது, முழு வழியையும் பார்க்க முயலாதீர்கள். இன்று செய்யவேண்டிய ஒன்றைக் கேளுங்கள். கஞ்சி கொண்டுபோன பெண்ணிடம் நாட்டு மக்களின் விசுவாசத்தைக் காக்கும்படி எவரும் கேட்கவில்லை.

மூன்றாவது, தனியே நிற்காதீர்கள். அன்பியத்தில் பேசுங்கள். எல்லைத் தகராறு என்றால் இருபக்க மூத்தவர்களையும் நில அளவையாளரையும் கூட்டி வைத்துப் பேசுங்கள். முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. தொலைந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி உண்டு. அயலவரின் உறுதி இலக்கம் உங்களுக்குத் தெரிந்தால் அதை அவர்களுக்குச் சொல்வதே பெரிய உதவி.

நான்காவது, விலையை எண்ணிப் பாருங்கள். இதனால் எனக்கு என்ன நட்டம் என்று நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். கணக்குப் பார்க்காத துணிவு பாதி வழியில் சோர்ந்துவிடும்.

கிணற்றடியில்

அந்த முதியவர் அன்றிரவு ஒன்றும் முடிவு சொல்லாமல் போனார். நாமும் வற்புறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து அவர் உறுதியை எடுத்துக்கொண்டு கிழக்கு வளவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். கை நடுங்கியதென்று பின்னர் அவரே எங்களிடம் சொன்னார்.

"தங்கச்சி, இந்தக் கிணத்திலை உங்களுக்குப் பாதி இருக்கு. உம்மடை மனுசனும் நானும் முறை வைச்சு இறைச்சனாங்கள். வாசிச்சுப் பாரும்" என்று சொல்லி உறுதியை நீட்டினாராம். அந்தப் பெண் வாசிக்கவில்லை. உறுதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். தன் கணவரின் பெயரை அந்த ஊரில் ஒருவர் சொல்லக் கேட்டது திரும்பி வந்தபின் அதுதான் முதல் தடவை.

இரண்டு குடும்பமும் சேர்ந்து கிணற்றைத் தூர் எடுத்தன. கல்லும் மண்ணும் துருப்பிடித்த கம்பியும் வந்தன. கடைசியில் தண்ணீர் ஊறியது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு. ஆடி, ஆவணியில் தண்ணீர் காணாது. முதியவர் வெங்காயப் பாத்தியைக் குறைத்துவிட்டார். மூத்த மகன் தகப்பனோடு ஏழெட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறான், ஆனால் கிணற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறான். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நாம் எழுதினால் அது பொய்யாகும்.

அண்மையில் அவரிடம், "இப்ப பயம் போட்டுதோ ஐயா?" என்று கேட்டோம்.

"பயம் கிடக்குது சுவாமி. ஆனா இரவிலை நித்திரை வருது" என்றார்.

அன்பார்ந்த உறவுகளே, உங்களில் சிலர் இன்னும் பிறர் காணியில் குடியிருக்கிறீர்கள். சிலர் திரும்பி வந்து புதிதாகத் தொடங்குகிறீர்கள். உங்கள் பெட்டியின் அடியிலும் ஓர் உறுதி இருக்கலாம். உங்கள் மனதின் அடியிலும் ஆண்டவர் எழுதி வைத்த ஒரு வரி இருக்கலாம். அதை எடுத்து வாசியுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கும் கையோடே படலையைத் திறவுங்கள்.

அன்பியங்களில் பேசிப் பார்க்க

1. நம் குறிச்சியில் எல்லை, கிணறு, வழி பற்றிப் பேசாமல் விடப்பட்ட உண்மை ஏதாவது இருக்கிறதா? அதைப் பேச நம்மைத் தடுப்பது எது?

2. நாம் துன்பத்தில் கிடந்தபோது நமக்குக் "கஞ்சி கொண்டுவந்தவர்" யார்? அவருக்கு நன்றி சொன்னோமா?

3. இன்னும் காணி கிடைக்காத குடும்பங்களுக்காக இந்த மாதம் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?